ஓட்டைக்குக் கூலி

ஓட்டை ஒன்றுக்கு அறுநூறு குரோனர்.
பனி ஒரு மீட்டருக்கு மேல் தடித்திருந்தால்
எழுநூறு.
ஹென்ரிக்கே பேரம் பேசவில்லை.
பிரேமனிலிருந்து வந்தவள்.
நிற்பது கடலின் மேல்தான் என்பதை நம்ப
மூன்று நாள் குதிகாலால் தட்டிக்கொண்டிருந்தாள்.

பெட்டிக்குள் ஓர் இயந்திரம்,
கொழுத்த சீல் குட்டி அளவு,
மஞ்சள், மூக்கில் விளக்கு.
எங்கே போகப்போகிறது இது என்றேன்.
சனிக்கு ஒரு நிலா இருக்கிறது,
என்செலடஸ் என்று பெயர்,
மேலே பனி, அடியில் கடல் என்றாள்.
அப்படியானால் கானாக் மாதிரி என்றேன்.
அவள் சிரித்தாள்.
நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.
பிறந்ததிலிருந்து நான் பார்த்த உலகமே
மேலே பனி, அடியில் கடல்.

இதுவேவா போகும்?
இல்லை, இதன் பேத்திக்குப் பேத்தி போகலாம்,
அப்போது நான் இருக்கமாட்டேன்
என்று சொல்லிவிட்டு
பிஸ்கட்டைக் காப்பியில் முக்கினாள்.

இரவுகளில் (எல்லாமே இரவுதான், ஜனவரி)
அடுப்பருகே பெயர் சொல்வாள்.
யூரோப்பா. ட்ரைட்டன்.
அதற்கும் அப்பால் எரிஸ், மக்கேமக்கே.
புளூட்டோவைப் பற்றிப் பேசும்போது மட்டும்
பந்தியில் உட்காரவைத்துப் பாதியில் எழுப்பிவிட்ட
உறவினனைப் பற்றிப் பேசுவதுபோல்
குரல் இறங்கும்.
அப்புறம் செட்னா, என்றாள்
என் முகத்தைப் பார்த்தபடி.

அது கனடாப் பக்கத்தார் சொல்லும் பெயர்.
எங்களுக்கு அவள் கடலின் தாய்.
படகிலிருந்து தள்ளிவிட்டான் அப்பன்.
விளிம்பைப் பற்றிய விரல்களை வெட்டினான்.
விரல்கள் சீல்களாயின, வால்ரஸ்களாயின.
அவளைத் தூக்கிக்கொண்டுபோய்
ஒருமுறை சுற்றிவரப் பதினோராயிரம் ஆண்டாகும்
தொலைவில் வைத்திருக்கிறார்கள்.
யாரைக் கேட்டு என்று நான் கேட்கவில்லை.
எனக்கு இடக்கையில் நான்கு விரல்.
ஐந்தாவதை வின்ச் எடுத்துக்கொண்டது.
அது எந்த மீனாகவும் ஆகவில்லை.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை
கேபிள் அறுந்தது.
இயந்திரம் நானூறு மீட்டர் ஆழத்தில்.
திரையில் ஒரு கறுப்பு.
ஹென்ரிக்கே ஓட்டை விளிம்பில்
கையுறையைக் கழற்றிவைத்து உட்கார்ந்துவிட்டாள்.
போட்டுக்கொள் என்றேன்.
கேட்கவில்லை. நானே மாட்டிவிட்டேன்.

பிறகு என் கயிற்றை இறக்கினேன்.
ஹாலிபட் பிடிக்கும் கயிறு, எழுநூறு மீட்டர்,
நுனியில் தகரத் தட்டு,
அதுதான் நீருக்குள் கயிற்றைச் சாய்த்து இழுத்துப் போகும்.
முதல் தடவை வெறும் தூண்டில்கள்.
இரண்டாம் தடவை ஒரு சுறா,
அதை விட்டுவிட நேரமெடுத்தது.
மூன்றாம் தடவை கயிறு கனத்தது,
மீன் கனப்பதுபோல் அல்ல.
மீன் வாதாடும்.
இது வரட்டும் என்று வந்தது.

சிக்கிச் சுருண்ட கேபிளோடு ஏறிவந்த இயந்திரத்தின்
கண்ணாடியில் ஒரு நட்சத்திரமீன்
ஒட்டிக்கொண்டிருந்தது.
ஹென்ரிக்கே அதைப் பிடுங்காமல்
விரலால் தள்ளித் தள்ளி நீரில் விட்டாள்.
பிறகு கேபிளை மடியில் போட்டு
முடிச்சு முடிச்சாக,
தூங்கும் பெண்ணின் சடையைப் பிரிப்பவள்போல
விடியாத பகல் முழுதும் பிரித்தாள்.
அங்கே அறுந்தால் அறுந்ததுதான் என்றாள்,
என்னிடம் அல்ல.

அறுந்த முனையை அவளுக்கு முன்பே நான் பார்த்திருந்தேன்.
பல் தடம்.
மிக்கியின் பல் எனக்குத் தெரியும்,
என் பூட்ஸ் இரண்டிலும் இருக்கிறது.
அன்றிரவு அவனை நான் கட்டிவைக்கவில்லை.
உறைபனியில் உராய்ந்திருக்கும் என்று அவள் எழுதிக்கொண்டபோது
இருக்கும் என்றேன்.
அங்கே நாய் கிடையாது, அது நல்லது.
நானும் கிடையாது.

அவள் கிளம்பிய வாரம்
மலைக்கு மேல் சூரியனின் விளிம்பு,
நகக்கண் அளவு.
இந்த வெளிச்சம் சனிக்குப் போய்ச் சேர
ஒன்றேகால் மணி நேரம் ஆகுமாம்.
ஐந்து ஓட்டை, மூவாயிரத்து இருநூறு.
ரசீதில் என் பெயரை
ஒரு எழுத்து குறைத்து எழுதியிருந்தாள், துகுமெக் என்று.
திருத்தச் சொல்லவில்லை.
ஒன்றுக்கு ஒன்று சரியாயிற்று என்று
நினைத்துக்கொள்ளப் பார்க்கிறேன்.

ஐந்தாவது ஓட்டையை மட்டும்
இன்னும் மூடவிடாமல் வைத்திருக்கிறேன்.
காலையில் போனால் மெல்லிய தோல் படர்ந்திருக்கும்.
கரண்டியால் தட்டி உடைப்பேன்.
கீழே ஒன்றும் தெரியாது.
மிக்கி குனிந்து மோந்து பார்ப்பான்,
காதை விறைத்துக்கொண்டு,
ஏதோ கேட்பதுபோல்.